குப்பைமேட்டு வாய்க்காலின் நத்தையைச் சமைக்கலாமா?

கேள்வி:

திருவாரூர் மாவட்டத்தில் வெட்டாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. ஆவணி தொடங்கி மார்கழி வரை வாரம் ஒரு முறையாவது எங்கள் வீட்டில் நத்தைக் கறி உண்டு. மாமியாருக்கு மூலத் தொந்தரவு இருப்பதால் அவருக்கென்று தனியாகச் சமைப்பதும் உண்டு. நான்கைந்து ஆண்டுகளாக வாய்க்கால் கரையில் குப்பையைக் கொட்டி எரிக்கிறார்கள். பழைய பேட்டரி, மின்கம்பி, பெயின்ட் டப்பா எல்லாம் அதில் வருகின்றன. போன மழையில் கறுப்புத் தண்ணீர் இறங்கி மீன்கள் செத்து மிதந்தன. நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நத்தை உலோக நஞ்சைத் தன் உடம்பிலேயே முறித்துவிடும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் சாப்பிடலாமா? இரவு முழுவதும் அரிசிக் கழுநீரில் போட்டு வைத்தால் நஞ்சு இறங்கிவிடுமா? ஓட்டை இடித்துக் கோழிக்குப் போடுகிறோம், அது சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். அந்த வாய்க்காலில் பொறுக்கும் நத்தையைச் சமைக்க வேண்டாம். குப்பைமேட்டு நீர் கலக்காத குளத்திலோ வயலிலோ கிடைப்பதை, பின்பக்கச் சுருளை முழுவதுமாக நீக்கிவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். அரிசிக் கழுநீரில் கிடந்தால் நத்தையின் குடலிலுள்ள சேறு வெளியேறும். உடம்பில் ஏறிவிட்ட உலோகம் வெளியேறாது. ஓட்டைக் கோழிக்குப் போடுவதையும், அந்த வாய்க்காலைப் பொறுத்தவரை, நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நத்தைகள் உலோகத்தைச் சமாளிப்பதில் வியக்கத்தக்க திறமை உடையவை. அதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. ‘முறித்துவிடும்’ என்ற சொல்தான் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. பூச்சிமருந்து என்பது பல அணுக்கள் கோத்த மூலக்கூறு. உயிரணுவிலுள்ள நொதிகள் அதை வெட்டித் துண்டாக்கினால் அதன் நச்சுத்தன்மை போய்விடக்கூடும். காட்மியமும் ஈயமும் தனிமங்கள். எந்த நொதியாலும் அவற்றை வேறொன்றாக மாற்ற முடியாது; வேகவைத்தாலும் எரித்தாலும் காட்மியம் காட்மியமாகவே இருக்கும். ஆகவே உலோகத்தின் முன்னால் ஓர் உயிருக்கு மூன்றே வழிகள் இருக்கின்றன: உள்ளே விடாமல் தடுப்பது, வந்ததை வெளியே தள்ளுவது, தள்ள முடியாததைக் கட்டி ஒரு மூலையில் போட்டு வைப்பது. நத்தை பெரிதும் நம்பியிருப்பது மூன்றாவது வழியை. கட்டி வைத்த உலோகம் நத்தைக்குள்ளேயே கிடக்கிறது. அந்த நத்தைதான் உங்கள் சட்டிக்கு வருகிறது.

மீன் செத்து நத்தை பிழைத்ததை நீங்கள் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு உலோகத்தைத் தொடாமலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அழுகிய குப்பையின் கறுப்பு நீர் வாய்க்காலில் இறங்கினால், அதிலுள்ள கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. செவுளை மட்டுமே நம்பியிருக்கும் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. நம் வயல்களில் இருக்கும் பெரிய உருண்டை நத்தைக்கு, அதாவது பைலா இனத்துக்கு, செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற காற்றுப்பையும் உண்டு. தண்ணீர் கெட்டால் மேலே வந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அதுவும் முடியாவிட்டால் மூடியை இழுத்து அடைத்துக்கொண்டு காத்திருக்கும். பங்குனி, சித்திரையில் வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடக்கும்போது சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பிராணி அது. அப்படிப்பட்ட உயிர் பிழைத்திருக்கிறது என்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்றோ, நத்தை நல்லது என்றோ முடிவுகட்ட முடியாது.

உலோகம் நத்தைக்குள் எப்படிப் போகிறது என்பதை இனிப் பார்ப்போம். இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தண்ணீர்: செவுளின் வழியாகவும் தோலின் வழியாகவும் கரைந்த உலோகம் நுழைகிறது. மற்றொன்று உணவு: நாக்கில் வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த அரம் போன்ற உறுப்பால் பாசியையும் அழுகிய இலையையும் சுரண்டித் தின்னும்போது, அவற்றில் படிந்திருக்கும் உலோகமும் சேற்றோடு குடலுக்குள் போகிறது. இதில் காட்மியம் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. அதன் அயனி ஏறத்தாழ சுண்ணாம்புச்சத்தின், அதாவது கால்சியத்தின், அயனி அளவே இருக்கிறது. ஓடு கட்டுவதற்காக நத்தை கால்சியத்தை ஓயாமல் உள்ளிழுத்துக்கொண்டே இருக்கிறது. கால்சியத்துக்கென்று திறந்து வைத்த கதவில் காட்மியமும் புகுந்துவிடுகிறது. கால்சியம் நிறைந்த கடின நீரில் இந்தத் தொல்லை குறைவு. மென்மையான மழைநீர் நிரம்பிய வாய்க்காலில் கூடுதல். ஈயமும் கால்சியத்தின் வழியைப் பிடித்துக்கொண்டு போகும் உலோகம்தான்.

டெல்டாவுக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வயலில் நீர் தேங்கி நிற்கும்போது சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லாமல் போய், கந்தகம் சல்ஃபைடாக மாறுகிறது. காட்மியம் அந்தச் சல்ஃபைடோடு இறுகிச் சேற்றிலேயே கிடக்கிறது. அறுவடைக்கு முன் நீரை வடித்து, பிறகு உளுந்து விதைத்து, கோடையில் மண் வெடிக்கும்போது காற்றுப்பட்டு அந்தப் பிணைப்பு உடைகிறது. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகக் கடைமடை வரை புதுத்தண்ணீர் வரும்போது, வறண்ட வாய்க்காலில் விடுபட்டுக் கிடக்கும் உலோகத்தின் ஒரு பகுதி அதில் கரையக்கூடும். கோடைத் தூக்கம் கலைந்து பசியோடு வெளிவரும் நத்தைகள் முதலில் சந்திப்பது அந்தத் தண்ணீரைத்தான். தூக்கத்தின்போது உடல் மெலிந்திருக்கும்; உலோகம் அதே அளவில் இருக்கும்; எனவே அந்தச் சமயத்தில் ஒவ்வொரு கிராம் சதையிலும் அதன் செறிவு கூடுதலாகவே இருக்கும். புதுத்தண்ணீர் நத்தையை உடனே பொறுக்காமல் சில வாரம் விட்டுவிடுவது நல்லது.

சமையலறையில் நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்றை, ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் விதமாக இப்போது பாருங்கள். வெந்த நத்தையை ஊக்கால் குத்திச் சுழற்றி இழுத்தால் முதலில் வருவது வெளிறிய சாம்பல் நிறத்தில் உறுதியான பாதத்தசை. அதன்மேல் ஒட்டியிருக்கும் வட்டத் தகடு மூடி. தொடர்ந்து மெதுவாக இழுத்தால் மென்மையான உள்ளுறுப்புகள் வருகின்றன. கடைசியில், ஓட்டின் உச்சிச் சுருளுக்குள் அடங்கியிருந்த, அழுக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில், விரலால் அழுத்தினால் களிபோல் நசுங்கும் ஒரு சுருள் வரும். பல வீடுகளில் இதைக் ‘குடல்’ என்று சொல்லிக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் ருசிக்காக வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெரும்பகுதி செரிமானச் சுரப்பி. ஈரலும் கணையமும் சேர்ந்தாற்போல வேலை செய்யும் உறுப்பு அது. நத்தைக்குள் வரும் காட்மியம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் முக்கியக் கிடங்கு அதுதான். அதற்கு அடுத்தபடி சிறுநீரகம். பைலாவில் அது இரண்டு அறைகளாக, முன்னறை செந்நிறமாகவும் பின்னறை பழுப்புச் சாம்பலாகவும் இருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் பாதத்தசையில் உலோகம் மிகவும் குறைவு. கிள்ளி எறியும் பழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர்களுக்கு உலோகத்தைப் பற்றித் தெரிந்திருக்காது. கசப்புக்காகவும் மண்ணுக்காகவும் செய்திருப்பார்கள். செய்தது மிகச் சரியான காரியம்.

அந்தச் சுரப்பியின் உயிரணுக்களுக்குள் நடப்பதுதான் உங்கள் மகள் படித்த பகுதி. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உலோக அயனி உயிரணுவுக்குள் சுதந்திரமாகத் திரிவதுதான் ஆபத்து. காட்மியத்துக்குக் கந்தகத்தின்மேல் பெரும் பற்று; நம் உடலின் பல நொதிகளில் கந்தகம் முக்கியமான இடத்தில் இருக்கிறது; அங்கே போய் ஒட்டிக்கொண்டு நொதியைக் கெடுத்துவிடும். இந்தப் பற்றையே உயிர்கள் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. மெட்டலோதயோனீன் என்ற ஒரு சிறிய புரதத்தை அவை தயாரிக்கின்றன. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம். கந்தகக் கைகள் இத்தனை இருப்பதால், திரியும் காட்மியம் அங்கே சிக்கிக்கொள்கிறது. 1957இல் மார்கோஷஸ், வாலி என்ற இரு ஆய்வாளர்கள் குதிரையின் சிறுநீரகத்தில் இதை முதன்முதலில் கண்டார்கள். நம் உடலிலும் இது இருக்கிறது.

நத்தையின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. நம் உடலின் மெட்டலோதயோனீன் துத்தநாகம், செம்பு, காட்மியம் என்று பலவற்றையும் கலந்து ஏற்றுக்கொள்ளும். நத்தையால் அப்படிக் கலந்து வைக்க முடியாது. ஏனென்றால் செம்பு அதற்கு உயிர்ப்பொருள். நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது இரும்பு. பைலா நத்தையின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்பு. அதனால்தான் அதன் இரத்தம் காற்றுப்பட்டால் இளநீலமாகத் தெரியும். செம்பைச் சேமித்து இரத்தப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். அதே வேளையில் காட்மியத்தைப் பிடித்து ஒதுக்க வேண்டும். இரண்டையும் ஒரே புரதம் செய்தால் குழப்பம் வந்துவிடும். ரைன்ஹார்ட் டாலிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் ஐரோப்பாவின் ரோமானிய நத்தையில் இதற்கான விடையை வெளியிட்டார்கள். அந்த நத்தையில் இரண்டு தனித்தனி மெட்டலோதயோனீன்கள் இருக்கின்றன. ஒன்று செரிமானச் சுரப்பியில் காட்மியத்தை மட்டும் பிடிக்கிறது. ஒரு மூலக்கூறு ஆறு காட்மிய அயனிகளைக் கட்டிக்கொள்கிறது. மற்றொன்று இரத்தப் புரதம் உருவாகும் செல்களில் செம்பை மட்டும் பிடிக்கிறது. ஒரு மூலக்கூறு பன்னிரண்டு செம்பு அயனிகளைத் தாங்குகிறது. ரோமானிய நத்தை தரையில் வாழ்வது. நம் நத்தையின் நெருங்கிய உறவுக்காரியும் அன்று. ஆனால் காட்மியத்துக்கென்று தனிப் புரதம் வைத்திருப்பது நன்னீரில் வாழும் ஆப்பிள் நத்தைக் குடும்பத்திலும் காணப்பட்டிருக்கிறது. பைலா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

புரதம் கட்டிப்போடுவது முதல் படி. இரண்டாவது படி மணிகள். செரிமானச் சுரப்பியில் கால்சியச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுக்குள் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் உருண்டையான மணிகள் நிறைந்திருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் ஒரு மணியின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் குறுக்கே அரிந்த வெங்காயம்போல் வளையம் வளையமாகத் தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்தவை அந்த வளையங்கள். அந்த அடுக்குகளுக்கு இடையில் மாங்கனீசு, துத்தநாகம் போன்றவை சிறைப்பட்டுக் கிடக்கும். கந்தகம் மிகுந்த வேறு வகை மணிகளில் செம்பும் காட்மியமும் சேரும். வேலை முடிந்த மெட்டலோதயோனீன் சிதைந்து ஒதுங்கும் இடம் அது. இரும்புக்கு மற்றொரு வகை மணி. செல் முதிர்ந்து உதிரும்போது சில மணிகள் குடலுக்குள் விழுந்து கழிவோடு வெளியேறுகின்றன. இப்படி மெல்ல மெல்ல ஒரு பகுதி உலோகம் நத்தையைவிட்டுப் போகிறது. துத்தநாகம், செம்பு போன்ற தேவையான உலோகங்களின் அளவை நத்தை ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். காட்மியம் போவதுதான் மிகவும் மெதுவாக. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நல்ல தண்ணீரில் வைத்தாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். வயதான பெரிய நத்தையில் காட்மியம் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு நத்தை விலை கொடுக்கிறது. புரதம் செய்யவும் மணி கட்டவும் செலவாகும் ஆற்றல், வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கட்டிப்போடும் கொள்ளளவைத் தாண்டி உலோகம் வந்தால் அது நொதிகளின்மேல் வழிந்துவிடும். அங்கிருந்துதான் நோய் தொடங்குகிறது. வெளித்தோற்றத்தில் கொழுகொழுவென்று இருக்கும் நத்தையிலும் அது நடந்துகொண்டிருக்கலாம்.

அரிசிக் கழுநீருக்கு வருகிறேன். இரவு முழுவதும் போட்டு வைத்தால் காலையில் பாத்திரத்தின் அடியில் கறுப்பு நூல்போல் கழிவு சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேற்றோடு சேற்றிலுள்ள உலோகமும் போகிறது; அது ஓரளவு நன்மைதான், பழக்கத்தை விடாதீர்கள். சுரப்பியின் செல்லுக்குள் புரதத்தோடு பின்னிக் கிடப்பதும் மணிக்குள் இறுகிக் கிடப்பதும் ஓர் இரவில் அசையாது. வேகவைத்தாலும் பலன் இல்லை. மெட்டலோதயோனீன் சூட்டுக்கு அஞ்சாத புரதம். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுப்பதற்கே திசுக்கரைசலைச் சூடாக்கி, மற்றப் புரதங்கள் திரிந்து அடியில் படிந்த பிறகு, கலங்காமல் நிற்கும் தெளிவிலிருந்துதான் எடுப்போம். வேகவைப்பது நத்தையிலுள்ள புழுக்களைக் கொல்லும். எலி நுரையீரல் புழுவின் குஞ்சுகள் நத்தை வழியாக மனிதனின் மூளையுறையைத் தாக்கக்கூடும் என்பதால் அரைவேக்காட்டு நத்தையை யாரும் சாப்பிடக் கூடாது. முதல் வேகவைத்த நீரை எப்போதும் கொட்டிவிடுங்கள்.

‘நத்தைக்குத் தீங்கு செய்யாதபடி கட்டப்பட்டிருந்தால் எங்களுக்கும் தீங்கு செய்யாமல் அப்படியே வெளியேறிவிடாதா’ என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்கக்கூடும். நல்ல கேள்வி, அதற்கு ஆய்வுகளில் ஓரளவு ஆதரவும் உண்டு. கடல்நத்தைகளைத் தின்னும் வேறொரு கடல்நத்தையின் குடல் வழியாகப் பாஸ்பேட் மணிகள் செரிக்காமலேயே கடந்து செல்வதை 1990இல் ஜேம்ஸ் நாட்டும் ஆர்ட்டெமிஸ் நிகொலைடூவும் காட்டினார்கள். ஆனால் நம் இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் அமிலத்தில் கரைபவை. மெட்டலோதயோனீனின் பிடியும் அமிலத்தில் தளரும். முதலில் துத்தநாகமும், அமிலம் இன்னும் கூடினால் காட்மியமும் கழன்றுவிடும். நத்தையின் உயிரணுவுக்குள் போட்ட முடிச்சு நம் இரைப்பையில் அவிழ்ந்துவிடுகிறது. முழுவதும் அவிழாது என்பது உண்மைதான். எத்தனை பங்கு அவிழும் என்று நம்பி ஒரு குழந்தைக்குச் சோறு போட முடியாது.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். உணவிலுள்ள காட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு 2010இல் வகுத்த வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மாதம் 1.5 மில்லிகிராம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.375 மில்லிகிராம். சிப்பி, மட்டி போன்ற இருவோட்டு மெல்லுடலிகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஒரு வாதத்துக்கு, உங்கள் நத்தைக் கறியிலும் அதே 1 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் 150 கிராம் சாப்பிடும் பெரியவருக்கு மாதம் 0.6 மில்லிகிராம், அதாவது வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு, நத்தையிலிருந்து மட்டுமே வந்துவிடும். வாரம் 50 கிராம் சாப்பிடும் குழந்தைக்கு 0.2 மில்லிகிராம், வரம்பில் பாதிக்கும் மேல். மூன்று வேளையும் நாம் சாப்பிடும் அரிசியிலிருந்து வருவதை இதில் நான் சேர்க்கவில்லை. ஈயத்தைப் பொறுத்தவரை, முன்பு இருந்த வரம்பை அதே குழு அதே ஆண்டில் விலக்கிக்கொண்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு செய்யாத அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்பதே காரணம்.

காட்மியம் நம் சிறுநீரகத்தில் தங்கினால் பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். இரும்புச்சத்துக் குறைந்த உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தசோகை உள்ள பெண்கள் நிறைந்த நம் பகுதியில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் டொயாமா பகுதியின் ஜின்ட்சு ஆற்று நீர் பாய்ந்த நெல்வயல்களை நினைத்துப் பாருங்கள். மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம் ஆற்றில் இறங்கி, வயலில் ஏறி, சோற்றில் வந்தது. பல பிள்ளைகள் பெற்ற, வயதான பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகம் பழுதாகி எலும்பு மென்மையாகி, அசைந்தால் முறியும் நிலைக்கு வந்தார்கள். ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்கிறது வலிக்கிறது’ என்பதே அந்த நோயின் பெயராயிற்று. காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஊர் அந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அங்கே பல பத்தாண்டுகள் சுரங்கக் கழிவு இறங்கியது. உலோகம் நீரிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து வட்டிலுக்கும் வரும் பாதை இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுதான் என்பதற்காகவே சொன்னேன்.

ஓட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால்சியத்தின் இடத்தில் ஈயம் உட்கார்ந்துகொள்ளும் இடம் ஓடு. அதை இடித்துப் போட்டால் கோழி சுண்ணாம்புச்சத்தோடு ஈயத்தையும் விழுங்கும். அதில் ஒரு பகுதி முட்டைக்கும் வரும். சுட்டுச் சுண்ணாம்பாக்கினாலும் ஈயம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். நல்ல குளத்து நத்தையின் ஓடு என்றால் தாராளமாகப் போடுங்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேய வரும் வாத்துகளையும் அந்த வாய்க்காலில் இறக்க வேண்டாமென்று மேய்ப்பவர்களிடம் சொல்லுங்கள். அவை நத்தையை ஓட்டோடு, சுருளோடு விழுங்குபவை. அப்படி மேய்ந்த வாத்தின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தவிர்த்துவிடலாம். நத்தை குத்தி நாரைகளுக்குச் சொல்லத்தான் நமக்கு வழியில்லை. அலகால் நத்தையின் சதையை உருவி எடுத்து விழுங்கும் அவை, அந்த வாய்க்காலில்தான் நாள் முழுவதும் நிற்கின்றன என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மாமியாரின் மூலத் தொந்தரவுக்கு நத்தைக் கறி மருந்து என்ற நம்பிக்கை டெல்டா முழுவதும் இருக்கிறது. மூலத்தை அது குணப்படுத்தும் என்று மருத்துவம் நிலைநாட்டவில்லை. நார்ச்சத்துள்ள கீரை, காய், போதிய தண்ணீர், மலத்தை அடக்காமலும் முக்காமலும் இருப்பது ஆகியவைதான் முதல் வைத்தியம். இரத்தம் போகிறது என்றால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது அவசியம். வயதானவர்களுக்கு மூலம் என்று நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றாக இருப்பதும் உண்டு. நத்தையை அவர் ஆசைக்காகச் சாப்பிடலாம், நல்ல இடத்து நத்தையாக.

சந்தையில் கூறு போட்டு விற்பதை வாங்கினால் எந்தத் தண்ணீரில் பொறுக்கியது என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே நெல்வயலில் பொறுக்கியதும், நகரத்துச் சாக்கடை விழும் வடிகாலில் பொறுக்கியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விற்கும் அம்மாவுக்குப் பெரும்பாலும் இடம் தெரியும், கேட்டால் சொல்வார்.

உங்கள் வாய்க்காலைப் பற்றிச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள விரும்பினால் நத்தையையே சோதனைக்கு அனுப்பலாம். தண்ணீரைச் சோதித்தால் அன்றைய நாளின் நிலைதான் தெரியும். மழை பெய்தால் எண் மாறிவிடும். நத்தை பல மாதக் கணக்கைத் தன் சுரப்பியில் எழுதி வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இருபது நத்தைகளைக் குப்பைமேட்டுக்குக் கீழே பொறுக்குங்கள். இன்னொரு இருபதை, குப்பை நீர் எட்டாத மேல்மதகுப் பக்கமோ கோயில் குளத்திலோ பொறுக்குங்கள். ஒப்பிட இரண்டாவது கூட்டம் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருள் காண்பது கடினம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில், பெயரும் தேதியும் இடமும் எழுதி, பனிக்கட்டியில் வைத்துக் கொடுங்கள். உணவுப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற, உலோகங்களை அளக்கும் வசதியுள்ள ஆய்வுக்கூடத்தில் காட்மியமும் ஈயமும் பார்த்துத் தருவார்கள். கொடுக்கும்போது, பாதத்தசையையும் செரிமானச் சுரப்பியையும் தனித்தனியாக அளக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். முழு நத்தையையும் ஒன்றாக அரைத்து அளந்தால், சுரப்பியில் இருப்பது தசையின் எடையில் கரைந்து சிறிய எண்ணாகத் தெரியும். எண்கள் ஈரச்சதையின் எடைக்கா, உலர்ந்த எடைக்கா என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சதையில் பெரும்பகுதி நீர் என்பதால் உலர் எடைக் கணக்கு பல மடங்கு பெரிதாகத் தெரியும். நான் மேலே சொன்ன 1 மில்லிகிராம் ஈர எடைக்கானது.

உங்கள் மகள் விலங்கியலோ உயிர்வேதியியலோ படிப்பவராக இருந்தால், கல்லூரியில் தன் ஆசிரியரின் துணையோடு இதையே ஒரு செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். மதகுக்கு மேலும் கீழும், புதுத்தண்ணீர் வந்த வாரத்திலும் தை மாதத்திலும் என்று நான்கு கூட்டங்கள் போதும். அந்த அறிக்கை கையில் இருந்தால், குப்பையை வாய்க்கால் கரையிலிருந்து அகற்றும்படி கிராமசபையில் கேட்கும்போது உங்கள் பேச்சுக்கு ஓர் எண் துணை நிற்கும். அதுவரை அந்த இடத்து நத்தையையும், மட்டியையும், சேற்றில் மேயும் மீனையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருங்கள்.